ஓவியக் கதவு

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலகத்தில் இப்படிச் சாய்மானம் வைத்த நாற்காலி என் தம்பிக்கு மட்டும்தான். எனக்குக் கொடுத்ததில் ஒரு சக்கரம் சுற்றாது. ஒன்றரை வருடம் அதில் ஒருக்களித்து உட்கார்ந்துதான் எழுதினேன். குறையாகச் சொல்லவில்லை. தாளும் பேனாவும் கொடுத்து, எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே.

என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. நானாகத்தான் வந்தேன். என் தம்பியைக் கொன்றவரை அன்றைக்கே பிடித்துவிட்டீர்கள், அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். வாசலில் நின்ற காவலர்கூட, "அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே சார், நீங்க வீட்டுக்குப் போய் அம்மாவைப் பாருங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் வழக்கில் ஒரு தவறு நேர்ந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தம்பியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. 'ஆயிரம் கதவுகள்' என்ற வீடியோ கேமை உருவாக்கியவன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என்னைவிட இரண்டு வயது இளையவன். சின்ன வயதிலிருந்தே அவன் ஓர் இடத்துக்குள் நுழைந்தால் அங்கே இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் அவன் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவன் எதுவும் செய்திருக்க மாட்டான், சும்மா நின்றிருப்பான். அம்மாவும் அப்படித்தான் திரும்புவாள். நான் மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதிப் பிழைத்தவன். 'பயன்படுத்தும் முன் கவனமாகப் படிக்கவும்' என்று உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் கிடந்தால் அது என் எழுத்தாக இருக்கலாம். கவனமாகப் படித்தவர் எவரும் இல்லை என்பது வேறு விஷயம். அந்த நிறுவனம் ஆளைக் குறைத்தபோது தம்பிதான் தன் அலுவலகத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தான். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை.

அந்த கேமின் யோசனை என்னுடையது. இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், தம்பியே சொன்னான். நான் பதினாறு வயதில் ஏதோ ஒரு கேமில் கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "திறக்காத கதவை எதுக்குடா வரைஞ்சு வைக்கிறாங்க?" என்று கேட்டேனாம். அறிவிப்பு விழா மேடையில் இதைச் சொன்னான். அண்ணன் கேட்ட ஒரு கேள்விதான் இந்த கேம் என்றான். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னான். கையில் காகிதக் கோப்பையோடு எழுந்து நின்றேன். அரங்கமே கைதட்டியது. என்னைப் பார்த்துத் தட்டவில்லை ஐயா. எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று அவனைப் பார்த்துத் தட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவன் இரண்டு வாக்குக் கொடுத்தான். முதலாவது, அந்த நகரத்தில் கண்ணில் படுகிற ஆயிரம் கதவுகளும் திறக்கும். இது ஏற்கெனவே பேசி வைத்தது. இரண்டாவது அந்த இடத்திலேயே வாயில் வந்தது. முன்பதிவு செய்பவர்களில் முதல் ஆயிரம் பேர், தங்கள் மனதுக்கு நெருக்கமான ஓர் அறையைப் பற்றி எழுதி அனுப்பலாம், ஒரு கதவைத் திறந்தால் அந்த அறை இருக்கும் என்று அள்ளி விட்டான். அவன் பொய்யன் இல்லை. சொல்லும்போது அவன் அதை நம்பினான். எதிரில் ஆயிரம் முகங்கள் மலர்வதைப் பார்த்தால் அவனுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றும், அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் அறைகளை வடிவமைக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் 'ரூம் அக்கா'. தலையில் கை வைத்துக்கொண்டு, "இவர் வாயை யாராவது தைங்கப்பா. நான் ஒருத்தி, ஆயிரம் ரூமா?" என்றாள்.

கடிதங்கள் குவிந்தன. எனக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உங்கள் கடிதத்துக்கு நன்றி. உங்கள் விருப்பத்தைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டு சென்றுள்ளோம். விரைவில் நல்ல செய்தி வரும். இந்த மூன்றையும் முன்னே பின்னே மாற்றிப் போட்டு அனுப்ப வேண்டும். எங்கள் பிரிவில் இதற்கு 'மூணு மாத்திரை' என்று பெயர். யார் எந்த நோவோடு வந்தாலும் அதே மூன்று மாத்திரைதான். எந்தப் பதிலாக இருந்தாலும் கீழே தம்பியின் பெயரும் சிரித்த முகமும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது நிர்வாகத்தின் ஏற்பாடு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்தை நான் திருடவில்லை.

லிப்ட் பழுது பார்ப்பவரின் முதல் கடிதம், இப்படிக் கடிதங்கள் வரத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் வந்தது. நீங்கள் உள்ளே வைத்திருப்பவர்தான். அவருக்கு கேம் விளையாடத் தெரியாது. முன்பதிவு செய்தவன் அவர் மகன். செய்த மறுமாதம் சாலை விபத்தில் போய்விட்டான். அறையைப் பற்றி எழுதி அனுப்பச் சொல்லி எங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம் மகனுடைய மின்னஞ்சல் பெட்டியில் வந்து விழுந்திருந்தது. மகனின் போனை அணைக்க மனமில்லாமல் வைத்திருந்தவர் அதைத் திறந்து படித்துவிட்டார். வாடகை வீட்டையும் அதற்குள் காலி செய்தாகிவிட்டது, மகன் இருந்த அறையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த அறையைத்தான் கேட்டார். ஜன்னலோரம் கட்டில். ஒரு பக்கம் மட்டும் திரைச்சீலை, மறுபக்கத்துக் கம்பி விழுந்ததை மாட்டவே இல்லை. நான்காவது காலுக்குப் பதில் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கிய மேசை. ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும் மின்விசிறி. அந்தக் கதவு எப்போதும் உள்ளே தாழ் போட்டிருக்குமாம். தட்டினால், "அப்புறம் வாப்பா" என்று குரல் மட்டும் வருமாம். கடைசியில் எழுதியிருந்தார்: "இருபத்தெட்டு வருஷமா லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கெல்லாம் கதவு திறந்து விட்டிருக்கேன். என் பையன் கதவை மட்டும் தட்டிட்டுத் திரும்பிட்டேன். ஒரு தடவை உள்ள போய் உட்கார்ந்துட்டு வந்தா போதும்."

இதற்கு மூணு மாத்திரை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். திரையைப் பற்றி இரண்டு வரி, தாழைப் பற்றி இரண்டு வரி. அறை எண் 417 என்று ஒதுக்கிவிட்டோம், வேலை தொடங்கிவிட்டது என்று எழுதினேன். வேலை தொடங்கவில்லை. யாரிடமும் நான் சொல்லவே இல்லை.

இப்படி ஏழு மாதத்தில் இருபத்திரண்டு கடிதங்கள். இன்று கட்டில் வந்துவிட்டது என்பேன். சுவரில் படம் ஒட்டிக் கிழித்த பசைத் தடம் எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்பேன். அவர் வேலைக்கு நடுவே, எந்தக் கட்டடத்திலோ லிப்டின் மேல் உட்கார்ந்து, அளவோடு பதில் எழுதுவார். எங்கள் கடிதம் ஒவ்வொன்றையும் கடையில் கொடுத்து இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைக் கருவிப் பையிலும் வைத்துக்கொண்டார். என் எழுத்தை இதற்கு முன் ஒருவரும் இரண்டு பிரதி எடுத்ததில்லை. ஒரு முறை, துக்கம் என்பது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி இல்லை, நாம்தான் அதன் வீட்டில் இருக்கிறோம் என்று எழுதினேன். அந்த வரியைத் தன் அக்காவுக்குப் படித்துக் காட்டியதாகவும், அக்கா அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னதாகவும் பதில் போட்டார்.

பதிலை யாருக்குப் போட்டார் என்பதுதான் விஷயம். "தம்பி" என்றுதான் ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். "நேத்து பேட்டியில பார்த்தேன், முகம் வாடியிருக்கு. வேளைக்குச் சாப்பிடுங்க தம்பி." "இவ்வளவு வேலைக்கு நடுவுல எனக்கு எழுதுறீங்களே தம்பி, நீங்க நல்லா இருக்கணும்." நான் உட்கார்ந்து எழுதுகிறேன், அவர் அந்தச் சிரித்த முகத்தை வாழ்த்துகிறார். வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுடைய பாசத்தில் அவனுக்குப் பெரிய பங்கு போனதை நான் எப்போதோ ஜீரணித்துவிட்டேன். இது நான் தனியாக, என் கையால் சம்பாதித்தது. இதுவும் நேராக அவன் பந்திக்கே போனது.

ஒரு நாள் ரூம் அக்கா என் மேசைக்கு வந்தாள். கேம் வெளியாக இரண்டு மாதம்தான் இருந்தது. ஆயிரம் அறை கனவிலும் நடக்காது, நாற்பதோ ஐம்பதோ செய்யலாம் என்று முடிவாகியிருந்தது. எதைச் செய்வது என்று பார்ப்பதற்காக எல்லாக் கடிதங்களையும் கேட்டாள். வாடிக்கையாளர்கள் எழுதியதைக் கொடுத்தேன், என் பதில்களைக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சிவந்த கண்களோடு வந்து, அந்த லிப்ட்காரர் அறையை முதலில் செய்யப் போவதாகச் சொன்னாள்.

செய்தும் விட்டாள். ஒரு பிற்பகல் தம்பி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கணினித் திரையில் காட்டினான். கதவைத் திறந்தால் ஜன்னலோரம் கட்டில். ஒற்றைத் திரை. மேசையின் கீழே புத்தக அடுக்கு. மின்விசிறிச் சத்தத்தை அவனே தன் வீட்டில் பதிவு செய்து சேர்த்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்தால் அந்த 'டக்' கேட்கும். நான் ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பொய் அப்படியே எதிரில் நின்றது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவருக்குத் தானே ஒரு கடிதம் எழுதப் போவதாகச் சொன்னான். நான் எழுதிக்கொள்கிறேன், நீ வேலையைப் பார் என்றேன்.

"சரிண்ணா, நீயே எழுது. நம்ம வீட்டுல எழுத வர்ற ஆளு நீதான்" என்றான்.

போகிற போக்கில் சொன்னான். வேலைக்காரனைத் தட்டிக் கொடுப்பது போல இருந்தது எனக்கு.

அன்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து யோசித்தேன். கேம் வெளியாகும். அவர் கதவைத் திறப்பார். அறை இருக்கும். இருபத்திரண்டு கடிதமும் உண்மையாகிவிடும். பிறகு அவர் ஆயுசு முழுக்கத் தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். அதில் எனக்கு ஒரு ஓரம்கூடக் கிடையாது. வாக்கை அள்ளி விட்டவன் அவன், அதைக் காப்பாற்றியவனும் அவன் என்று ஆகிவிடும். பொய்யே சொல்லாதவனாகவும் ஆகிவிடுவான்.

கதவுகள் எப்படித் திறக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் அடுத்தது புரியாது. ஆயிரம் கதவுக்கும் ஒரு பட்டியல் உண்டு. எண், வாடிக்கையாளர் பெயர், பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்தில் டிக் இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் கதவு வெறும் படம், கையை வைத்தாலும் அசையாது. அதை உள்ளே 'ஓவியக் கதவு' என்போம். வாடிக்கையாளர் பெயர்கள் கடிதப் பிரிவில் இருந்ததால் அந்தப் பட்டியலும் எங்களிடமே இருந்தது. கோடிக்கணக்கான வரிகள் எழுதிய மகா புத்திசாலிகள், எந்தக் கதவு திறக்கும் என்பதை மட்டும் கடிதம் எழுதுகிறவனின் மேசையில் வைத்திருந்தார்கள். கடைசியாகப் பட்டியலை அனுப்ப வேண்டிய நாளில், எல்லோரும் கீழே கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது, 417-க்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டு அனுப்பினேன். திறக்கும் கதவுகள் நாற்பத்தொன்றிலிருந்து நாற்பதாயிற்று.

இதில் ஒரு நியாயம் இருந்தது. ஆயிரம் பேருக்குக் கொடுத்த வாக்கை நாற்பத்தொரு பேருக்கு மட்டும் காப்பாற்றுவது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? அப்படியானால் மற்ற நாற்பது டிக்கையும் எடுத்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நேரம் போதவில்லை.

கேம் வெளியானது. அடுத்த நாளிலிருந்து எங்கள் பிரிவு சந்தைக்கடை ஆனது. மாதக் கணக்கில் காத்திருந்து, விடுப்புப் போட்டு, முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்தவர்கள் அவர்கள். தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள், எல்லாம் படம். பள்ளி ஆசிரியை ஒருவர் ஆயிரம் கதவையும் ஒன்றுவிடாமல் தள்ளி, திறந்தவை எவை என்று எண் வாரியாக எழுதி அனுப்பியிருந்தார். உங்கள் ஊரில் எல்லோரும் வெளியூர் போய்விட்டார்களா, சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தட்டினால் மரச் சத்தம்கூட வரவில்லை, அதையாவது செய்திருக்கலாமே என்று இன்னொருவர். வசவுகளும் வந்தன, அவற்றை இங்கே எழுதத் தேவையில்லை. எல்லாம் தம்பி பெயருக்கு. ரூம் அக்கா அழுதாள், தம்பி மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை. நான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், பல வருடங்களில் அவ்வளவு நிம்மதியாக நான் வேலை செய்ததில்லை.

லிப்ட்காரர் திட்டவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"எனக்குத்தான் திறக்கத் தெரியலைன்னு நினைக்கிறேன் தம்பி" என்று எழுதினார். "பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு எந்தப் பட்டனைத் தட்டணும்னு கேட்டுக்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரி பச்சைக் கட்டடம், ரெண்டாவது மாடி, 417 இருக்கு. முன்னாடிதான் நிக்கிறேன். திறக்கலை. அவசரமில்ல, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க." மறுநாளும் எழுதினார். அதற்கு மறுநாளும். வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பாராம். ஒரு கடிதத்தில், திறக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே விளக்கு எரிகிறதா என்று மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். நான் எதற்கும் பதில் போடவில்லை.

ரூம் அக்கா நான்காம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். 417 ஏன் ஓவியமாகக் கிடக்கிறது என்று கத்தினாள். இயந்திரக் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள், கோளாறுதான் ஆயிரம் இருந்ததே. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரப்போகும் அப்டேட்டில் முதல் வேலை அதுதான் என்று தம்பி சொன்னான். நேரே என்னிடம் வந்து, "அண்ணா, அவர் என்ன பாடு படுறாரோ. வெள்ளிக்கிழமை கண்டிப்பா திறந்துடும்னு எழுதிடு" என்றான். எழுதிவிடுகிறேன் என்றேன்.

ஆக, வெள்ளிக்கிழமை அந்தக் கதவு திறக்கும் என்பது எனக்குத் தெரியும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. இருபத்துமூன்றாவது கடிதத்தைத் திங்கட்கிழமை எழுதினேன். உங்களிடம் அதன் நகல் இருக்கிறது, ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

'அன்புள்ள ஐயா, அப்படி ஓர் அறை இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கட்டில், திரை, விசிறி எல்லாம் உட்கார்ந்த இடத்தில் நான் புனைந்தவை. உங்கள் கடிதங்களை இங்கே சத்தமாகப் படித்துச் சிரிப்போம், வேலைக் களைப்புக்கு நல்ல மருந்து. உங்கள் மகன் உயிரோடு இருந்தபோதே உங்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. நாங்கள் ஏன் திறக்க வேண்டும்? மேற்கொண்டு பேச வேண்டுமானால் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான்காம் மாடியில் தனியாக இருப்பேன்.'

கீழே தம்பியின் பெயரும் சிரித்த முகமும் வழக்கம் போல வந்து ஒட்டிக்கொண்டன.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு வாடிக்கையாளருக்கு உண்மை தெரிய வேண்டும் என்று அப்போது நினைத்தேன். மாத்திரை கொடுத்து மாத்திரை கொடுத்தே எவ்வளவு காலம் ஏமாற்றுவது? யாராவது ஒருவராவது ஒளிவு மறைவு இல்லாமல் பேச வேண்டாமா? அவர் வந்து தம்பியின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்பார், அந்தச் சிரிப்பு அவர் கண்ணெதிரே கழன்று விழும், அதைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அடிப்பார் என்று நினைத்தேனா என்றால், நினைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை அவர் தன் வேலை உடுப்பிலேயே வந்தார். தோளில் கருவிப் பை. லிப்ட்காரரை எந்தக் கட்டடத்திலும் யாரும் தடுப்பதில்லை. தம்பியின் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு, பன்னிரண்டு எட்டுத் தூரம். பேசுவது கேட்கும். அவர் பையைத் திறந்து கடிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இதெல்லாம் நீங்க எழுதினதா தம்பி?" என்று கேட்டார். கடைசி நம்பிக்கையோடு கேட்ட மாதிரி இருந்தது. இல்லை என்று சொன்னால் அப்படியே திரும்பிப் போயிருப்பார்.

தம்பி மேலே இருந்த கடிதத்தைப் படித்தான். அதுதான் இருபத்துமூன்றாவது. பிறகு அடியிலிருந்து இரண்டு மூன்றை உருவிப் படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. நம்ம வீட்டுல எழுத வர்ற ஆளு நீதான் என்று சொன்னவன் ஆயிற்றே, தெரியாமல் இருக்குமா?

நான் எழுந்து போயிருக்கலாம். பன்னிரண்டு எட்டுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு, யாரோ ஒருவருக்கு 'விரைவில் நல்ல செய்தி வரும்' என்று தட்டினேன்.

"ஆமாங்க" என்றான் தம்பி. "நான்தான் எழுதினேன். மன்னிச்சிடுங்க. ஆனா அந்த ரூம் இருக்கு, இப்பவே காட்டுறேன், உட்காருங்க."

வெள்ளிக்கிழமைக்காகத் திருத்தி வைத்திருந்த பிரதியைத் திறக்கக் கணினியின் பக்கம் திரும்பினான். அவன் திறப்பதற்கு முன்பே அவர் பையிலிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்துவிட்டார். ஒரே அடி. இரண்டாவது அடிக்கவில்லை. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். ரூம் அக்கா ஓடி வந்தபோது திரையில் 417 திறந்திருந்தது, தம்பியின் கை விழுந்து அழுத்தியிருக்கும் போலிருக்கிறது. அவர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். 'டக்', 'டக்' என்று விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான், கண் திறக்கவில்லை.

அண்ணனைக் காப்பாற்றத்தான் தம்பி பழியை ஏற்றுக்கொண்டான் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படி யோசித்துப் பார்த்தேன். ஆனால் அவன் அடியிலிருந்த கடிதங்களைப் படித்த விதத்தை நீங்கள் பார்க்கவில்லை. நிதானமாக, உதடு அசைய, அனுபவித்துப் படித்தான். படித்துவிட்டு 'நான்தான் எழுதினேன்' என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று இனி அவனை எழுப்பிக் கேட்க முடியாது. எனக்கு என்னவோ, நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தன் பெயரில் வைத்துக்கொள்கிற அவனுடைய பழைய குணம்தான் அது என்று படுகிறது.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நேற்று அந்த லிப்ட்காரருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தன் தம்பிக்காக மன்னிப்புக் கேட்டார். இப்படிப்பட்ட பிள்ளையை அவன் கையால் எப்படி அடித்தானோ என்று அழுதார். மடியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் வைத்திருந்த பிரதிகள். அதில் இருபத்திரண்டுதான் இருந்தன, கடைசிக் கடிதத்தை லிப்ட்காரர் வீட்டில் எவரிடமும் காட்டவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு, "கேளுங்க, என் சின்னவன் என்ன எழுதியிருக்கான்னு கேளுங்க" என்று வந்தவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். துக்கத்தின் வீட்டில் நாம்தான் இருக்கிறோம் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டாள்.  எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் அம்மாவின் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நீயும் அங்கதான எழுதுற வேலை பார்த்த. இதுல ஒரு வரி உனக்கு வந்திருக்குமாடா?"

இன்று காலை முதல் வேலையாகப் புறப்பட்டு வந்துவிட்டேன்.

ஆகவே இதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று கடிதங்களையும் எழுதியவன் நான். 417-ஐ மூடியவன் நான். வெள்ளிக்கிழமை திறக்கும் என்று தெரிந்தே புதன்கிழமைக்கு அவரை வரச் சொன்னவன் நான். 'நான் எழுதவில்லை' என்று என் தம்பி சொல்லாதபோது வாயை மூடிக்கொண்டு இருந்தவனும் நான்தான். தம்பியைக் கொன்றது அந்த மனிதர் இல்லை, நான். அவரை விட்டுவிடுவீர்களோ, எனக்கு என்ன தண்டனை தருவீர்களோ, எதற்கும் நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. இதை முழுவதுமாக அம்மாவிடம் கொடுக்க வேண்டாம், வயதானவள், தாங்க மாட்டாள். கடிதங்களை மட்டும் கொடுங்கள். முதல் இருபத்திரண்டுக்கும் கீழே தம்பியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். இருபத்துமூன்றாவது அவன் எழுதியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.